போதைக் காளான்: உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது

1799 அக்டோபரில் ஒரு நாள் காலை, லண்டனின் கிரீன் பார்க் பூங்காவில் முளைத்திருந்த காளான்களை ஒருவர் பறித்துக்கொண்டு வந்து, வீட்டில் சமைத்து, தன் நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு அது வெறும் சாப்பாடு, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன, தலை சுற்றியது, நிற்க முடியவில்லை. உதவி கேட்டு வெளியே கிளம்பியவர் சற்றுத் தூரம் போவதற்குள் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதையே மறந்து நின்றாராம். எட்டு வயது மகன் எட்வர்டுக்கோ சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. அப்பா அம்மா அதட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. அப்புறம் அவன் மந்தமாகிக் கிடந்தான். என்ன கேட்டாலும் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் வந்தது. கண்ணின் பாவை பெரிதாக விரிந்திருந்தது. வைத்தியம் பார்த்த எவரார்ட் பிராண்ட் இதையெல்லாம் அப்படியே எழுதி ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினார். குடும்பம் பிழைத்துக்கொண்டது.

போதைக் காளான் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குடும்பம்தான். போதையைத் தேடிப் போகாதவர்கள், என்ன வரப்போகிறது என்று யாரும் சொல்லிவைக்காதவர்கள், அதனால் அவர்களுக்கு நடந்ததில் கற்பனைக்கு இடமில்லை. சிரிப்பு, பயம், மறதி, விரிந்த பாவை, சில மணி நேரத்தில் தெளிவு என்று இந்தக் காளான் செய்வதில் பெரும்பகுதி அந்த ஒரு காலையிலேயே இருக்கிறது. அவர்கள் பிழைத்தது மட்டும் அதிர்ஷ்டம். அந்தப் புல்வெளியில் முளைத்தது வேறு காளானாக இருந்திருந்தால் கதையே வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இது என்ன

'மேஜிக் மஷ்ரூம்' என்று சொல்லப்படுவது ஒரே ஒரு காளான் அல்ல. சைலோசிபின் என்ற வேதிப்பொருள் உள்ள காளான்கள் உலகம் முழுக்க சுமார் 200 வகை இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சைலோசைபி என்ற இனத்தைச் சேர்ந்தவை. பார்த்தால் ஒன்றும் தெரியாது, பழுப்பு நிறத்தில் சின்னதாக, புல்லிலோ சாணத்திலோ மட்கிய மரத்திலோ முளைத்திருக்கும் சாதாரணக் காளான் மாதிரியே இருக்கும். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக இவற்றை நோய் தீர்க்கும் சடங்குகளில் பயன்படுத்தி வந்தார்கள். 1955-ல் அங்கே மசடெக் இனத்து நாட்டு வைத்தியர் மரியா சபீனா நடத்திய சடங்கில் அமெரிக்கர் கார்டன் வாசன் கலந்துகொண்டார், 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார், உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வருடமே, எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கண்டுபிடித்த அதே சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசிபினைப் பிரித்தெடுத்தார். கூட்டம் கூட்டமாக வெளியாட்கள் வந்து இறங்கியதில் மரியா சபீனாவின் ஊரே கலைந்துபோனது, அவரையே ஊரார் வெறுத்தார்கள், வீடு எரிக்கப்பட்டது. காளானின் வரலாற்றைப் பரவசத்தோடு சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

சரி, வயிற்றுக்குள் போனதும் என்ன ஆகிறது? சைலோசிபின் நேரடியாக எதுவும் செய்வதில்லை. உடம்பு அதிலிருந்து ஒரு பாஸ்பேட் துண்டை வெட்டி எறிந்துவிட்டு அதைச் சைலோசினாக மாற்றுகிறது. மூளைக்குள் போய் வேலை செய்வது இந்தச் சைலோசின்தான். இதன் வடிவம் செரட்டோனினின் வடிவத்தை ஒத்திருக்கும். செரட்டோனின் என்பது மனநிலை, தூக்கம், பசி, புலன்கள் என்று பலவற்றில் பங்கு உள்ள, மூளை தானே தயாரிக்கிற பொருள். அது போய் உட்காரும் இடங்களில் ஒன்றான 2ஏ ஏற்பியில் சைலோசின் போய் உட்கார்ந்துகொள்கிறது. கள்ளச்சாவி பூட்டைத் திறப்பது போல.

இந்தப் பூட்டு திறந்தால் ஏன் சுவர் அசைய வேண்டும்? நாம் பார்ப்பது எதுவும் கண்ணுக்குள் விழுந்த படம் அப்படியே அல்ல. கண்ணும் காதும் அனுப்புகிற குவியலிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, மீதியை ஒதுக்கி, 'இது சுவர், சுவர் அசையாது' என்று தனக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்துத்தான் மூளை ஒரு காட்சியைக் கட்டுகிறது. சைலோசின் இந்த ஒழுங்கைத் தளர்த்திவிடுகிறது. வழக்கமாகத் தனித்தனியாக வேலை செய்யும் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று அதிகமாகப் பேசிக்கொள்கின்றன, 'நான்' என்ற உணர்வோடு தொடர்புடைய வலைப்பின்னலின் பிடி குறைகிறது. அதனால்தான் சுவர் மூச்சுவிடுவது போலத் தெரிவதும், இசை நிறமாகத் தெரிவதும், கண்ணை மூடினால் கோலம் கோலமாக வடிவங்கள் ஓடுவதும், சிலருக்கு 'நான்' என்பதே கரைந்துபோவதும்.

சாப்பிட்டு ஏறக்குறைய 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும், இரண்டு மணி நேரம் போல உச்சத்தில் இருக்கும், பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். 'ஒன்றுமே ஆகவில்லையே' என்று அரை மணியில் இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் சாப்பிட்டதும் அடுத்து சாப்பிட்டதும் சேர்ந்து ஏறும்போது இறக்கிவைக்க வழி இருக்காது. எவ்வளவு என்று கணக்குப் பார்த்தாலும் பயன் குறைவு, ஏனென்றால் வகைக்கு வகை மட்டுமல்ல, ஒரே வகையில் ஒரு காளானுக்கும் பக்கத்துக் காளானுக்கும்கூட வீரியம் பல மடங்கு மாறும்.

உடம்பும் மனசும்

உடம்புக்கு வருவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னப் பட்டியல். குமட்டல், சில சமயம் வாந்தி. இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். பாவை விரியும், நடை தள்ளாடும், கொட்டாவி வந்துகொண்டே இருக்கும், குளிரும் அல்லது வியர்க்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு இவை தானாகவே சரியாகிவிடும். சைலோசிபின் உடலுறுப்புகளை நேரடியாக நாசம் செய்யும் விஷம் அல்ல, அது மட்டுமே காரணமாக இறந்தவர்கள் மிக மிக அரிது, மதுவையும் சிகரெட்டையும் போல அடிமைப்படுத்துவதும் இல்லை; அடுத்தடுத்த நாட்களில் எடுத்தால் வேலையே செய்யாத அளவுக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும். இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொட்டாலே சாவு என்று ஒரு பிள்ளையிடம் சொல்லி, அவன் நண்பன் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து நின்றால், நாம் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும், உண்மையான ஆபத்தைச் சொல்லும்போதும் நம்ப மாட்டான்.

ஆனால் இதய நோய் இருப்பவர்களுக்கும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அந்த 'சின்னப் பட்டியல்' சின்னது அல்ல. குழந்தைகள் தெரியாமல் தின்றுவிட்டால் கடும் காய்ச்சலும் வலிப்பும் வரலாம்.

மனசுக்கு வருவதுதான் பெரிய விஷயம். நல்லபடியாக அமைந்தால் சிரிப்பு, பரவசம், எல்லாரோடும் எல்லாவற்றோடும் ஒன்றாகிவிட்ட உணர்வு. அமையாவிட்டால் 'பேட் ட்ரிப்'. அந்தச் சொல் கேட்பதற்கு ஏதோ டூர் சரியில்லை என்பது போல லேசாக இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: கடிகாரத்தைப் பார்க்கிறார், பன்னிரண்டு பத்து. ஒரு ராத்திரி முழுக்கக் கழிந்தது போல இருக்கிறது, மறுபடி பார்க்கிறார், பன்னிரண்டு பதின்மூன்று. இது காளானின் வேலை, சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அவருக்கு ஒரு கணம் தெரியும், அடுத்த கணம் அந்தத் தெரிதலே நழுவிவிடும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இனி திரும்பவே முடியாது என்பது சந்தேகமாக வராது, உறுதியாக வரும். பக்கத்தில் இருக்கும் நண்பனின் முகமே பகைவன் முகமாகத் தெரியலாம்.

மோசமான அனுபவம் வந்தவர்களிடம் மட்டும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள், சுமார் 2,000 பேர். அவர்களில் 39 சதவீதம் பேர் அதைத் தங்கள் வாழ்நாளிலேயே மிகக் கடினமான ஐந்து அனுபவங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். 11 சதவீதம் பேர் தங்களுக்கோ மற்றவருக்கோ உடல்ரீதியாக ஆபத்து வரும்படி நடந்துகொண்டார்கள். மோசமாகப் போனால் எவ்வளவு மோசமாகப் போகும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

சாவுகள் பெரும்பாலும் வருவது இந்த வழியில்தான். விஷத்தால் அல்ல, மாடியிலிருந்தும் பாலத்திலிருந்தும் சாலையிலும் தண்ணீரிலும். 2007-ல் ஆம்ஸ்டர்டாமில் காளான் சாப்பிட்ட 17 வயது பிரெஞ்சுப் பெண் பாலத்திலிருந்து குதித்து இறந்தாள். அங்கே கடையில் வெளிப்படையாக விற்கப்பட்ட பொருள் அது. 2008 டிசம்பரிலிருந்து நெதர்லாந்து அந்தக் காளான்களைத் தடை செய்தது. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் பணியில் இல்லாத விமானி ஒருவர், 80-க்கும் மேற்பட்டோர் பயணித்த விமானத்தின் காக்பிட்டில் கூடுதல் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர், நடுவானில் இன்ஜின்களை நிறுத்தும் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தார். மற்ற விமானிகள் தடுத்துவிட்டார்கள். சுமார் 48 மணி நேரத்துக்கு முன்பு காளான் எடுத்ததாகவும், நாள்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை என்றும், தான் ஒரு கனவுக்குள் இருப்பதாக நினைத்ததாகவும் பிறகு சொன்னார். ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று மேலே எழுதினேனே, அது பொதுவாக மட்டும்தான்.

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோயோ, ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக விழும் பைபோலார் கோளாறோ இருந்தால் இதன் பக்கமே போகக் கூடாது. மருத்துவ ஆய்வுகளில் அப்படிப்பட்டவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், ஏனென்றால் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் நோயைக் காளான் தட்டி எழுப்பிவிடலாம். இந்த நோய்கள் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும், காளானைத் தேடிப் போகும் வயதும் அதேதான். 'எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை' என்று இருபது வயதில் ஒருவர் சொன்னால், இன்னும் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருளாக இருக்கக்கூடும். இதில் கொடுமை என்னவென்றால், மனநோயைக் குடும்பங்கள் மூடி மறைப்பது வழக்கம்; சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியே இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, அபூர்வமானது, ஆனால் வந்தவர்களைப் படுத்தி எடுப்பது. போதை எப்போதோ இறங்கிவிட்டது, ஆனால் பார்வை பழையபடி திரும்பவில்லை: பொருள்களைச் சுற்றி ஒளிவட்டம், நகரும் கைக்குப் பின்னால் வால் மாதிரி தொடரும் நிழல், வெறும் சுவரில் பொடிப்பொடியான புள்ளிகள். வாரக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். மனநலக் கோளாறுகளின் கையேட்டிலேயே இது தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது.

ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பைபோலாருக்குத் தரும் லித்தியத்தோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம். எம்ஏஓ தடுப்பான்கள் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் போதையை நீட்டி, ஏற்றிவிடும். வேறு சில மனச்சோர்வு மருந்துகள் காளானின் விளைவைக் குறைத்துவிடும் என்பதால், அதற்காகவே மாத்திரையைத் திடீரென்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிறுத்தலே தனி ஆபத்து.

வேறு காளானாக இருந்தால்

கிரீன் பார்க் குடும்பத்தின் அதிர்ஷ்டம் என்று சொன்னது இதைத்தான். கேலரினா மார்ஜினாட்டா என்று ஒரு காளான் உண்டு. சின்னது, பழுப்பு, மட்கிய மரத்தில் முளைப்பது. சைலோசைபி வகைகள் சிலவற்றின் பக்கத்திலேயே, ஒரே கட்டையில்கூட முளைக்கும். அதில் இருப்பது அமாடாக்சின். நம் செல்கள் புரதம் செய்ய வேண்டுமானால் முதலில் மரபணுவில் உள்ள குறிப்பைப் படியெடுக்க வேண்டும், அந்தப் படியெடுக்கும் இயந்திரத்தையே இந்த விஷம் நிறுத்திவிடுகிறது. குடலிலிருந்து வருவதையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்வது கல்லீரல் என்பதால் அதுதான் முதலில் அடிபடுகிறது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் இந்த விஷம் போகாது. நசுக்கினால் நீலமாக மாறினால் அது போதைக் காளான்தான் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. விஷக் காளான்களிலும் நீலமாக மாறுபவை உண்டு.

இந்த விஷம் ஏமாற்றுகிற விதம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பிறகு கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. அதற்கப்புறம் ஒரு நாள் போல நன்றாகிவிடும். எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, 'சரியாகிவிட்டது' என்பார். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும், மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகும்போது சிலருக்கு மாற்றுக் கல்லீரல் வைப்பது ஒன்றுதான் வழியாக இருக்கும். கார்டினேரியஸ் இனத்தில் இன்னும் மெதுவான விஷம் கொண்ட வகைகள் உண்டு, அவை சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம்.

சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளிகளோடு குழந்தைப் படங்களில் வருமே, அந்த அமானிட்டா மஸ்கேரியாவையும் பலர் இதே வகை என்று நினைக்கிறார்கள். அதில் சைலோசிபினே இல்லை, மஸ்கிமால் என்ற வேறு பொருள். குழப்பம், உளறல், நடுநடுவே ஆழ்ந்த உறக்கம், சில சமயம் வலிப்பு. காளான் சாக்லேட், கம்மி மிட்டாய் என்று வருவதிலும் உள்ளே எது இருக்கிறது என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2024-ல் அமெரிக்காவில் அப்படி ஒரு சாக்லேட்டைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள், சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் சுயநினைவு இழந்தார்கள். அரசு பரிசோதித்தபோது மஸ்கிமால் இருந்தது, சில துண்டுகளில் நரம்புவலிக்குத் தரும் பிரிகாபலின் மருந்துகூட இருந்தது.

'அப்படியானால் இதையே மனச்சோர்வுக்கு மருந்தாகத் தருகிறார்களே?' நியாயமான கேள்வி. 1971 ஐ.நா. உடன்படிக்கையின்படி சைலோசிபின் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தாலும் ஆய்வுகள் நடக்கின்றன, வேறு மருந்துக்குப் பலன் தராத மனச்சோர்வுக்கு உண்மையிலேயே நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன, ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மூலம் கொடுக்க விட்டிருக்கிறது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அங்கே கொடுப்பது பறித்த காளான் அல்ல, மில்லிகிராம் கணக்கில் அளந்த தூய மருந்து. முன்கூட்டியே இதயமும் குடும்ப வரலாறும் பார்த்து ஆள் தேர்வு செய்கிறார்கள், பலமுறை பேசித் தயார் செய்கிறார்கள், மருந்து வேலை செய்யும் நேரம் முழுக்கப் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அப்புறமும் தொடர்ந்து பார்க்கிறார்கள். 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், 233 பேர், 25 மில்லிகிராம் பெற்றவர்களின் மனச்சோர்வு மூன்று வாரத்தில் தெளிவாகக் குறைந்தது. அத்தனை கவனிப்பிலும் தலைவலி, குமட்டல் வந்தன, தற்கொலை எண்ணமும் சிலருக்கு வந்தது. அதைக் கவனிக்க அங்கே ஆள் இருந்தார்கள்.

யாராவது சாப்பிட்டுவிட்டால்

முதலில் தனியாக விடாதீர்கள். மாடி, பால்கனி, சாலை, வண்டிச் சாவி, கத்தி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, விளக்கும் சத்தமும் குறைவாக உள்ள இடத்தில் உட்கார வையுங்கள். கத்தாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், அவர் காண்பதைப் பொய் என்று வாதாடாதீர்கள். 'நான் இங்கேயே இருக்கிறேன், இது காளானால் வந்தது, இறங்கிவிடும்' என்பதை மெதுவான குரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், தெளிய வைக்க மதுவோ தூக்க மாத்திரையோ கொடுக்க வேண்டாம். வலிப்பு, மயக்கம், நெஞ்சுவலி, கொதிக்கும் காய்ச்சல், அடக்க முடியாத ஆவேசம், இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டது குழந்தை என்றால் எதற்கும் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த இரண்டு பதிலை வைத்துத்தான் அவர் எந்தக் காளான் என்று யோசிக்க ஆரம்பிப்பார்.

மீதம் இருக்கும் காளானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் அழுகிவிடும், காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், ஒரு துண்டு இருந்தாலும் போதும். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தால், அவர் மறுநாள் எழுந்து நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் விடாமல் கூட்டிப்போய், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையை அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.